பேரன் அறியாத பாட்டன்: எல்லைப்புறக் குடியேறி கேப்டன் லிங்கனின் வாழ்வைத் தேடி

முன்னுரை

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம் முன்னோர் வழக்கு. ஒருவரின் பெருமை அவர்தம் செயலில் உள்ளதேயன்றிப் பிறப்பில் இல்லை என்னும் உயர்ந்த கருத்தை அவ்வழக்கு உணர்த்துகின்றது. ஆயினும் வரலாற்று மாணவன் மூலத்தை ஆராய்ந்தே ஆகவேண்டியவன். புகழ்பாடவோ பழிதூற்றவோ அன்று. ஒரு மனிதன் எவ்வாறு வாழ்ந்தான், எவற்றைப் பெற்றான், எவற்றை இழந்தான், அவனால் பிறர் எவற்றை இழந்தனர் என்பவற்றைச் சான்றுகளின் துணைகொண்டு அறிவதற்காகவே அவன் மூலத்தைத் தேடுகின்றான்.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனை அறியாதார் இலர். அவருக்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அது அவருடைய தந்தைவழிப் பாட்டனாரின் பெயர். அப்பாட்டனார் காடு திருத்திக் குடியேறிய உழவர். குடிப்படையில் கேப்டன் பதவி வகித்தவர். பேரன் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்திற்கு முன்னரே மறைந்தவர். அவர்தம் வாழ்வினைப் பத்திரங்களும் படைப்பட்டியல்களும் எவ்வாறு மீட்டுத் தந்தன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இருவருக்கும் ஒரே பெயராதலின், பாட்டனாரைக் கேப்டன் லிங்கன் என்றும் பேரனை லிங்கன் என்றும் ஈண்டுக் குறிப்பிடுவோம்.

பேரன் அறிந்தவை

லிங்கன் தம் பாட்டனாரைப் பற்றி அறிந்திருந்தவை மிகச் சிலவே. 1848-ஆம் ஆண்டு அவர் அமெரிக்கப் பேராயத்தின் உறுப்பினராக வாஷிங்டன் நகரில் இருந்தபொழுது, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹிங்ஹாம் என்னும் ஊரைச் சேர்ந்த சாலமன் லிங்கன் என்பாருக்கு மடல் எழுதினார். வர்ஜீனியாவில் வாழ்ந்த டேவிட் லிங்கன் என்பாருடனும் அதே ஆண்டில் மடல்வழித் தொடர்பு கொண்டார். தம் குடும்பத்தின் வேர் எங்குள்ளது என்பதை அறியும் ஆவல் அவருக்கு இருந்தது என்பதற்கு இம்மடல்கள் சான்றாகும். பாட்டனார் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் மாவட்டத்திலிருந்து 1782-ஆம் ஆண்டளவில் கென்டக்கிக்குச் சென்றார் என்பதும், இரண்டாண்டுகளில் பழங்குடியினரால் கொல்லப்பட்டார் என்பதும் அவர் கேட்டறிந்த செய்திகள்.

1854-இல் டென்னசி மாநிலத்தில் வாழ்ந்த ஜெஸ்ஸி லிங்கன் என்னும் உறவினருக்கு எழுதிய மடலில் அவர் மற்றொன்றையும் தெரிவிக்கின்றார். பாட்டனார் கொலையுண்டதும், அப்பொழுது பதினான்கு வயதினராயிருந்த பெரிய தந்தை மார்டிகை கொன்றவருள் ஒருவரைச் சுட்டு வீழ்த்தியதும் ஆகிய கதையே, தாம் கேட்ட கதைகள் அனைத்தினும் ஆழமாகத் தம் உள்ளத்தில் பதிந்தது என்பதே அது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. பேரன் அறிந்திருந்தது பாட்டனாரின் சாவை, வாழ்வை அன்று. குடும்பக் கதைகளின் இயல்பே இதுதான். அதிர்ச்சி தந்த ஒரு நாளை அவை தலைமுறை தலைமுறையாகக் காத்து வைக்கின்றன. உழுத நாள்களையும், கடன்பட்ட நாள்களையும், நிலம் அளந்த நாள்களையும் உதிர்த்துவிடுகின்றன. உதிர்ந்த அந்நாள்களைத் தேட வேண்டுமாயின் ஊர்தோறும் உள்ள பதிவேடுகளையே நாடவேண்டும்.

பிறப்பும் பெயர்வும்

கேப்டன் லிங்கன் 1744-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் பென்சில்வேனியாவில், இன்று பெர்க்ஸ் மாவட்டம் எனப்படும் பகுதியில் பிறந்தார். தந்தையார் ஜான் லிங்கன்; தாயார் ரெபெக்கா. இளமையில் தோல் பதனிடும் தொழிலைக் கற்றார். அக்குடும்பத்தின் அண்டை வீட்டார் பூன் குடும்பத்தார். கென்டக்கிக்கு வழிகண்டவராகப் புகழ்பெற்ற டேனியல் பூன் அக்குடியில் தோன்றியவரே. கேப்டன் லிங்கனின் சிறிய தந்தையார் ஒருவர் டேனியல் பூனின் ஒன்றுவிட்ட சகோதரியாரை மணந்திருந்தார். இரு குடும்பங்களும் மேற்குத் திசை நோக்கிப் பெயர்ந்ததை எண்ணுங்கால் இவ்வுறவு நினைவிற்கொள்ளத் தக்கது.

1768-இல் ஜான் லிங்கன் தம் குடும்பத்துடன் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கிற்குப் பெயர்ந்து லின்வில் ஓடைக்கரையில் நிலம் வாங்கினார். 1773-இல் அந்நிலத்தில் 210 ஏக்கரைத் தம் மகனாகிய நம் கேப்டனுக்கு எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்னரே மகனுக்குத் திருமணமாகியிருந்தது. மனைவியார் பாத்சீபா. மார்டிகை, ஜோசையா, தாமஸ் என மூன்று ஆண்மக்களும் மேரி, நான்சி என இரு பெண்மக்களும் அவர்களுக்குப் பிறந்தனர். இம்மூவருள் இளையவராகிய தாமஸே குடியரசுத் தலைவரின் தந்தையார்.

அவர்கள் வாழ்ந்த இடம் முதலில் அகஸ்டா மாவட்டத்தில் இருந்தது. 1778-இல் அது ராக்கிங்ஹாம் என்னும் புதிய மாவட்டமாயிற்று. வீடு பெயரவில்லை, மாவட்டம் பெயர்ந்தது! ஒரு மனிதனைத் தேடுவோர் அவன் வாழ்ந்த ஊரை மட்டும் அறிந்தால் போதாது. அந்தந்த ஆண்டில் அவ்வூர் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்தது என்பதையும் அறிதல் வேண்டும்.

ராக்கிங்ஹாம் மாவட்டத்துப் பதிவேடுகளுக்கு நேர்ந்த கதியும் சிந்தனைக்குரியது. உள்நாட்டுப் போரின்போது, 1864-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஜெனரல் ஹன்டரின் வடபுலப் படையினர் அவற்றுள் பலவற்றைத் தீக்கிரையாக்கினர். அப்படைகளுக்கெல்லாம் தலைமைத் தளபதியாக வாஷிங்டனில் வீற்றிருந்தவர் லிங்கன். தாம் தேடிய முன்னோரின் சுவடுகள் நிறைந்த ஊரின் ஏடுகளைத் தம் படையே எரித்த விந்தையை வரலாறு அமைதியாகப் பதிவு செய்து வைத்துள்ளது.

குடிப்படைத் தலைவர்

குடிப்படை என்பது சம்பளம் பெற்று ஆண்டு முழுதும் பணிபுரியும் நிலைப்படை அன்று. உழவரும் கொல்லரும் தச்சரும் தத்தம் தொழிலைச் செய்துகொண்டிருந்து, அழைப்பு வந்தபோது துப்பாக்கியுடன் திரளும் படை அது. 1777-ஆம் ஆண்டு வர்ஜீனியச் சட்டத்தின்படி, 16 வயது முதல் 50 வயது வரையுள்ள உரிமை பெற்ற ஆடவர், சில விலக்குகள் நீங்கலாக, இப்படையில் சேரக் கடமைப்பட்டவர். பயிற்சி நாளில் வாராதோர்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது. மாவட்டந்தோறும் படை அமைந்தமையால் ஒரு குழுவில் இருந்தோர் பெரும்பாலும் அண்டை அயலாரும் உறவினருமே ஆவர்.

இத்தகைய குழு ஒன்றின் கேப்டனாக அகஸ்டா மாவட்டத்திலும், பின்னர் ராக்கிங்ஹாம் மாவட்டத்திலும் நம் பாட்டனார் விளங்கினார். அவருடைய குழுவில் 52 பேர் இருந்தனர். அக்காலத்தில் அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தன. மேற்கு எல்லையில் ஆங்கிலேயரின் வலிய தளம் டிட்ராய்ட். அதனைக் கைப்பற்றும் நோக்குடன் 1778-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஜெனரல் லாக்லன் மெக்கின்டாஷ் ஒரு படையெடுப்பைத் தொடங்கினார். கேப்டன் லிங்கனின் குழுவும் அதில் பங்கேற்றது. ஓகையோ ஆற்றங்கரையில் மெக்கின்டாஷ் கோட்டையும், மேற்கே டஸ்கராவாஸ் ஆற்றங்கரையில் லாரன்ஸ் கோட்டையும் எழுந்தன. உணவும் உடையும் குறைந்தன, குளிர்காலம் நெருங்கியது. டிட்ராய்ட் எட்டாக் கனியாகவே நின்றது. லாரன்ஸ் கோட்டையும் 1779-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கைவிடப்பட்டது.

பாட்டனாரின் போர்ப்பணி பெருவெற்றி ஏதும் காணாத பணி என்பதை இதனால் அறிகின்றோம். மரம் வெட்டுதல், மதில் கட்டுதல், பசியைப் பொறுத்தல், குளிரில் வீடு திரும்புதல் ஆகியனவே எல்லைப்புறக் குடிப்படையினர் பலருடைய போர் அனுபவம். வீரக் கதைகளில் இவற்றிற்கு இடமில்லை. ஆயினும் உண்மை இதுவே.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. விடுதலைப் போரில் பங்கேற்ற குடிப்படையினர்க்கும் ஓய்வூதியம் வழங்கும் விரிவான சட்டம் 1832-இல் இயற்றப்பட்டது. ஓய்வூதியம் வேண்டிய முதியோர், தாம் எங்கே பிறந்தோம், யாருக்குக் கீழ்ப் பணிபுரிந்தோம், எவ்வழியே நடந்தோம் என்பவற்றை நீதிமன்றத்தில் ஆணையிட்டுக் கூறினர். எழுதப் படிக்கத் தெரியாத எண்ணற்றோரின் தன்வரலாறுகள் இவ்வாறே இன்று நமக்குக் கிட்டியுள்ளன. அந்நாள் வரை உயிர் வாழ்ந்தவர்க்கு மட்டுமே இவ்வாய்ப்புக் கிட்டிற்று. இளமையில் மாண்டவர் தம் கதையைத் தாமே கூற இயலாது போயினர். கேப்டன் லிங்கன் அவ்வாறு போனவருள் ஒருவர். போர்த்துறை அலுவலகத்தில் இருந்த பழைய ஆவணங்களும் 1800-ஆம் ஆண்டு நவம்பரில் நேர்ந்த தீவிபத்தில் அழிந்தன.

'லிங்க்ஹார்ன்' என்றொரு பெயர்

1780-இல் கேப்டன் லிங்கன் லின்வில் ஓடைக்கரை நிலத்தை விற்றார். 1781-ஆம் ஆண்டளவில் குடும்பத்துடன் கென்டக்கிக்குப் பெயர்ந்தார். அக்காலத்தில் கென்டக்கி தனி மாநிலமன்று. வர்ஜீனியாவின் மேற்குப் பகுதியே. 1792-இல்தான் அது மாநிலமாயிற்று.

மக்கள் ஏன் இவ்வாறு மேற்கு நோக்கிச் சென்றனர்? நிலத்தின் மலிவே முதன்மைக் காரணம். 1779-ஆம் ஆண்டு வர்ஜீனியச் சட்டம் கருவூலத்தில் பணம் செலுத்துவோர்க்கு நில ஆணைச்சீட்டு வழங்கியது. நூறு ஏக்கருக்கு விலை 40 பவுன். சீட்டைப் பெற்றவர் தாம் விரும்பும் நிலத்தைக் குறித்துப் பதிவு செய்வார்; பின்னர் அளவர் வந்து அளப்பார்; அதன் பின்னரே அரசின் பட்டயம் கிடைக்கும். இந்நான்கு படிகளிலும் ஒவ்வொரு தாள் எழுந்தது. இத்தாள்களே இன்று ஆய்வாளர்க்குப் புதையல்.

1780-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாளிட்ட 3334 எண்ணுள்ள ஆணைச்சீட்டு 400 ஏக்கருக்கு உரியது. செலுத்திய தொகை 160 பவுன். அதில் காணப்படும் பெயர் 'ஆபிரகாம் லிங்க்ஹார்ன்' என்பதாகும். 1785-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், ஜெபர்சன் மாவட்டத்தில் பிளாய்ட் ஆற்றுக் கிளையாகிய லாங் ரன் ஓடைக்கரையில் அந்நிலம் அளக்கப்பட்டது. அளவை ஏட்டிலும் 'லிங்க்ஹார்ன்' என்னும் பெயரே உள்ளது.

பெயரை ஒரே எழுத்தில் எழுத வேண்டும் என்னும் கட்டுப்பாடு அக்காலத்து எழுத்தர்க்கு இல்லை. காதில் விழுந்த ஒலியைக் கை எழுதிற்று. 'லிங்கன்' என்னும் எழுத்தை மட்டுமே தேடுபவர் இப்பத்திரத்தைக் காணாமலே கடந்துவிடுவார். நம் ஊர்ப் பழைய கிரையப் பத்திரங்களில் ஒரே மனிதரின் பெயர் மூன்று வகையாய் எழுதப்பட்டிருப்பதைக் கண்டவர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது. எழுத்து வேறாயினும் நிலமும் ஓடையும் காலமும் ஒத்து நின்றால் ஆள் ஒருவரே எனத் துணிதல் ஆய்வு முறை.

இவ்வாறு பெற்றனவும் உரிமை கோரியனவும் சேர்ந்து கென்டக்கியில் அவருக்கு 5,544 ஏக்கருக்குக் குறையாத நிலம் இருந்தது என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். வறிய குடியில் பிறந்தவராக உலகம் அறிந்த லிங்கனின் பாட்டனார் வறியவர் அல்லர் என்னும் உண்மையை எந்தக் குடும்பக் கதையும் பேரனுக்குச் சொல்லவில்லை. பத்திரங்களே நமக்குச் சொல்கின்றன.

அந்த மண் யாருடையது?

பத்திரங்கள் சொல்லாத உண்மையும் ஒன்று உண்டு. விலைக்கு விற்கப்பட்ட அந்தக் காடு ஆளற்ற காடு அன்று. ஷாவ்னி முதலான பழங்குடியினர் நெடுங்காலமாக வேட்டையாடி வந்த நிலம் அது. 1768-இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் நடந்த உடன்படிக்கையில், இரோகுவா கூட்டமைப்பினர் ஓகையோ ஆற்றுக்குத் தெற்கிலுள்ள நிலத்தை ஆங்கிலேயர்க்கு விட்டுக்கொடுத்தனர். அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஷாவ்னி மக்களின் இசைவை எவரும் பெறவில்லை. 1774-இல் வர்ஜீனிய ஆளுநர் டன்மோர் நடத்திய போருக்குப் பின்னர் ஓகையோ ஆறே எல்லை என ஷாவ்னித் தலைவர் சிலர் ஒப்ப வேண்டியதாயிற்று. ஒப்பாதோரும் பலர் இருந்தனர்.

அதன்பின் இருபுறத்தும் குருதி பெருகிற்று. அமைதியை நாடிய ஷாவ்னித் தலைவர் கார்ன்ஸ்டாக், 1777-ஆம் ஆண்டு நவம்பரில், குடிப்படையினரின் கோட்டையில் தடுத்து வைக்கப்பட்டிருந்த நிலையில் அப்படையினராலேயே கொல்லப்பட்டார். 1781 செப்டம்பரில், அரண் விட்டு அரண் பெயர்ந்த குடியேறிகள் லாங் ரன் ஓடையருகே தாக்கப்பட்டுப் பலர் மாண்டனர். கேப்டன் லிங்கன் பின்னர் அளந்துகொண்ட நிலம் அவ்வோடைக்கரையிலேயே உள்ளது. 1782 மார்ச்சில் ஓகையோப் பகுதியின் நாடன்ஹட்டன் என்னும் சிற்றூரில், போரில் எப்பக்கமும் சேராத 96 டெலவேர் மக்களைப் பென்சில்வேனியக் குடிப்படையினர் கொன்றனர். அவர்களுள் பெண்டிரும் சிறாரும் மிகுதி. அரண் காக்க எழுந்த குடிப்படை அழிவு செய்யவும் தயங்கவில்லை என்பதை மறைத்தல் வரலாற்றிற்கு அழகன்று.

கேப்டன் லிங்கன் இக்கொடுமைகளில் பங்கேற்றார் எனக் கூறுதற்கு எச்சான்றும் இல்லை. ஆயினும் அவர் பணம் செலுத்தி வாங்கிய நிலத்தின் உரிமை, அதில் வாழ்ந்தவரைக் கேளாது எழுதப்பட்ட உரிமையே. சட்டத்தின் கண்ணில் அவர் உடைமையாளர். ஷாவ்னியரின் கண்ணில் எல்லை தாண்டி வந்தவர். இவ்விரு பார்வைகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போதுதான் அவருக்கு நேர்ந்த முடிவு நமக்கு விளங்கும்.

வயலில் நிகழ்ந்த சாவு

லாங் ரன் பகுதிக் குடியேறிகள் மர அரண்களால் சூழப்பட்ட சிறு காப்பிடங்களின் அருகில் வாழ்ந்தனர். அவற்றிற்கு 'ஸ்டேஷன்' என்பது பெயர். ஆபத்து வருமெனத் தெரிந்தால் குடும்பங்கள் அங்கே ஒதுங்கும். கேப்டன் லிங்கனின் நிலத்தருகே இருந்தது ஹியூஸ் ஸ்டேஷன்.

1786-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் அவர் தம் மூன்று ஆண்மக்களுடன் வயலில் வேலை செய்துகொண்டிருந்தார். காட்டிலிருந்து வந்த குண்டு அவரை வீழ்த்தியது. நடுமகன் ஜோசையா உதவி வேண்டி ஸ்டேஷனை நோக்கி ஓடினான். மூத்தவன் மார்டிகை துப்பாக்கி இருந்த குடிசைக்கு ஓடினான். சிறுவன் தாமஸ் தந்தையின் உடலருகே திகைத்து நின்றான். காட்டிலிருந்து வெளிப்பட்ட ஒருவர் சிறுவனை நெருங்கியபொழுது, குடிசையிலிருந்து மார்டிகை சுட்டு அவரை வீழ்த்தினான். இதுவே குடும்பம் காத்து வந்த கதை. கேப்டன் லிங்கனின் உடல் குடிசையருகே அடக்கம் செய்யப்பட்டது என்றும், பின்னாளில் லாங் ரன் பாப்டிஸ்ட் திருச்சபை எழுந்த இடமே அது என்றும் மரபுவழிச் செய்தி கூறுகின்றது.

லிங்கன் தம் மடல்களில் இந்நிகழ்ச்சியை 1784-ஆம் ஆண்டளவிற்கு உரியதாகக் குறித்தார். ஆனால் 1785 மே 7-ஆம் நாளைய நில அளவை ஏட்டில், எல்லை மரங்களில் குறியிடுபவராகப் பாட்டனாரின் பெயரே காணப்படுகின்றது. எனவே அந்நாளில் அவர் உயிருடன் இருந்தார் என்பது பெறப்படும். பேரனின் நினைவை விட அளவரின் ஏடு வலிமையான சான்றாகின்றது. கேட்டவர் எத்துணைச் சான்றோராயினும் கேள்விச் செய்தி கேள்விச் செய்தியே. நாளிட்டு எழுதிய ஏட்டிற்கு அது ஈடாகாது.

ஏழு மாதங்களின் விலை

ஆண்டு 1784 ஆயின் என்ன, 1786 ஆயின் என்ன எனச் சிலர் வினவலாம். இறந்த நாள் ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றும் என்பதற்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை.

கேப்டன் லிங்கன் உயில் எழுதாமலே மறைந்தார். அக்கால வர்ஜீனியச் சட்டப்படி, உயிலின்றி இறந்தவரின் நிலம் முழுதும் மூத்த மகனையே சேரும். மனைவிக்கு வாழ்நாள் வரை மூன்றில் ஒரு பங்கின் பயன் மட்டும் உண்டு. இளைய மக்களுக்கு நிலத்தில் பங்கில்லை. இம்முறை நீதியற்றது என உணர்ந்த தாமஸ் ஜெபர்சன், மக்கள் அனைவர்க்கும் சமபங்கு தரும் சட்டமுன்வரைவை எழுதினார். 1785-இல் வர்ஜீனியச் சட்டமன்றம் அதனை ஏற்றது. ஆனால் அது நடைமுறைக்கு வந்த நாள் 1787-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். கேப்டன் லிங்கன் மறைந்ததோ 1786 மே. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஏழு மாதங்கள்!

அவ்வேழு மாதங்களின் விலையைச் செலுத்தியவர் தாமஸ். நிலம் மார்டிகைக்குச் சென்றது. விதவைத் தாய் மக்களுடன் தெற்கே வாஷிங்டன் மாவட்டப் பகுதிக்குப் பெயர்ந்தார். தாமஸ் கல்வி பெறவில்லை. சிறுவயது முதலே ஊர் ஊராய்ச் சென்று கூலி வேலை செய்தார். பின்னர்த் தச்சுத் தொழில் கற்று, 1803-இல் 238 ஏக்கர் நிலம் வாங்கினார். 1806-இல் நான்சி ஹாங்ஸ் என்பாரை மணந்தார். 1809 பிப்ரவரி 12-ஆம் நாள் ஒற்றையறை மரக்குடிசையில் பிறந்த மகனுக்குத் தம் தந்தையின் பெயரையே சூட்டினார்.

நிலத்தால் வந்த துன்பம் அத்துடன் தீரவில்லை. கென்டக்கியில் மரங்களையும் ஓடைகளையும் எல்லையாகக் கொண்டு அளந்தமையால் ஒரே நிலத்தை இருவரும் மூவரும் உரிமை கோரினர். கூரை ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிவது போல் உரிமைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. வழக்குகளால் தாமஸ் நிலத்தை இழந்தார். 1816 டிசம்பரில், அரசே கட்டம் கட்டமாக அளந்து விற்ற இண்டியானாவிற்குக் குடும்பத்துடன் பெயர்ந்தார். அடிமை முறை ஒரு காரணமாயினும் கென்டக்கி நில உரிமைச் சிக்கலே முதன்மைக் காரணம் என்று லிங்கனே பின்னாளில் எழுதியுள்ளார். லிங்கனின் இளமை வறுமை, பாட்டன் ஏழையாயிருந்ததால் வந்ததன்று. சட்டத்தாலும் அளவையாலும் வந்தது. இவ்வுண்மை குடும்பக் கதையில் இல்லை. பத்திரத்தையும் சட்டநூலையும் அருகருகே வைத்தபோதுதான் வெளிப்பட்டது.

ஆய்வாளர் கண்ட வேர்

1859-இல் லிங்கன் தம் வாழ்க்கைக் குறிப்பை எழுதியபோது, புதிய இங்கிலாந்துப் பகுதியில் வாழ்ந்த லிங்கன் குடியினர்க்கும் தம் குடும்பத்திற்கும் தொடர்பு காண முயன்றும், இருசாராரிடையே வழங்கிய பெயர்களின் ஒற்றுமைக்கு மேல் ஒன்றும் புலப்படவில்லை எனக் குறித்தார். மார்டிகை, சாலமன், ஆபிரகாம் ஆகிய பெயர்கள் இரு பக்கத்தும் இருந்தன. பெயரொற்றுமையை மட்டும் கொண்டு உறவு கொண்டாட அவர் முற்படவில்லை. அந்நாணயம் போற்றத்தக்கது.

அவர் மறைவிற்குப் பின்னர் வந்த ஆய்வாளர் உயில்களையும் நிலப் பத்திரங்களையும் மாநிலம் மாநிலமாகத் தேடினர். லீ, ஹட்சின்சன் ஆகிய இருவரும் 1909-இலும், வால்டோ லிங்கன் 1923-இலும் வெளியிட்ட நூல்கள் தொடர்பை நிலைநாட்டின. இங்கிலாந்து நாட்டு நார்போக்கிலிருந்து 1637-இல் மாசசூசெட்ஸ் வந்த நெசவுத் தொழிலாளி சாமுவேல் லிங்கன். அவர் மகன் மார்டிகை. அவர் மகன் மற்றொரு மார்டிகை. அவர் மகன் ஜான். அவர் மகன் கேப்டன் லிங்கன். அவர் மகன் தாமஸ். அவர் மகன் குடியரசுத் தலைவர். ஏழு தலைமுறை! 1848-இல் லிங்கன் மடல் எழுதிக் கேட்ட ஹிங்ஹாம் ஊரே சாமுவேல் வந்து குடியேறிய ஊர். வினா சரியான வாயிலிலேயே தட்டியது. விடை வர அரை நூற்றாண்டிற்கும் மேலாயிற்று.

முடிவுரை

பாட்டனைக் கொன்றவர் கதையைக் கேட்டு வளர்ந்த பேரன், ஆட்சிக்கு வந்தபின் என்ன செய்தார் என்பதையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். 1862-இல் மின்னசோட்டாவில் டகோட்டா மக்களுக்கும் குடியேறிகளுக்கும் இடையே போர் மூண்டது. படை நீதிமன்றம் 303 பேர்க்குத் தூக்குத் தண்டனை விதித்தது. உடனே நிறைவேற்றுக எனப் பலர் வற்புறுத்தினர். லிங்கன் ஒவ்வொருவரின் விசாரணை ஏட்டையும் வரவழைத்து ஆராய்வித்து, பெரும்பாலோரின் தண்டனையை நீக்கினார். எனினும் அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டு டகோட்டா மக்கள் அம்மாநிலத்திலிருந்தே வெளியேற்றப்பட்டனர். ஏட்டைக் கேட்டுப் படித்தமையால் பல உயிர்கள் தப்பின. ஆயினும் நிலமிழந்தோர்க்கு நிலம் திரும்பவில்லை. இரண்டையும் சேர்த்தே கூறுதல் வேண்டும்.

கேப்டன் லிங்கனின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே. குடும்பக் கதை ஒரு மனிதனின் சாவைச் சொல்லும். பதிவேடு அவன் வாழ்வைச் சொல்லும். அவ்விரண்டும் சொல்லாத மற்றவர் இழப்பை வரலாறு சொல்லும். மூன்றையும் கேட்டவரே ஒரு முன்னோரை முழுமையாக அறிந்தவராவார்.

தம் குடும்ப வரலாற்றை எழுத விழையும் மாணவர்கள், முதலில் வீட்டு முதியோரிடம் அமர்ந்து கேட்டு, நாளிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் வீட்டுப் பெட்டியில் உறங்கும் கிரையப் பத்திரத்தை எடுத்துப் படிக்க வேண்டும். பெயர் எழுத்து மாறியிருப்பின் அஞ்ச வேண்டா. கதையும் பத்திரமும் முரண்படின் நாளை ஒப்பிட்டு நோக்க வேண்டும். பத்திரத்தில் பெயர் இல்லாதவர்களையும், பங்கு கிடைக்காத இளையவரையும் பெண்மக்களையும், நிலத்தை விட்டகன்றவரையும் மறவாது தேட வேண்டும். கதை சொல்லும் முதியோர் இன்று நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கேட்டு எழுதும் பணி இவ்விடுமுறையிலேயே தொடங்கத்தக்கது.